புண் ஆற ஏன் ஒன்பது நாள் தாமதம்?

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1995-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மறதி நோய் வந்த உறவினரை வீட்டில் கவனித்துக்கொள்ளும் 13 பெண்கள் ஒரு பக்கம். அதே வயதில், அந்தப் பொறுப்பு இல்லாத 13 பெண்கள் இன்னொரு பக்கம். அனைவரின் கையிலும் 3.5 மில்லிமீட்டர் அளவில் சின்னப் புண் உண்டாக்கி, ஆறும்வரை காத்திருந்தார்கள். பொறுப்பு இல்லாதவர்களுக்குச் சராசரியாக 39 நாளில் ஆறியது. நோயாளியைக் கவனித்தவர்களுக்கோ ஒன்பது நாள் கூடுதலாகப் பிடித்தது!

மனச்சுமை எப்படித் தோல் வரை வந்தது?

மூளையின் அடிப்பகுதியில் இருக்கிறது ஹைப்போதலாமஸ். கவலை வந்ததும் அது சி.ஆர்.ஹெச். என்ற நியூரோபெப்டைடைச் சுரக்கிறது. நரம்பு செல்கள் உருவாக்கும் குட்டிப் புரதத் துணுக்குதான் நியூரோபெப்டைடு. அது பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பியைத் தூண்ட, ரத்தத்தில் கார்ட்டிசால் கூடுகிறது.

கார்ட்டிசால் கெட்டதல்ல. நோய் எதிர்ப்புச் செல்கள் அளவு மீறாமல் அடக்கிவைப்பது அதுதான். ஆனால், மாதக்கணக்கில் கவலை தொடர்ந்தால், புண்ணை ஆற்ற வேண்டிய செல்களின் வேலையும் மந்தமாகிவிடும்.

இது ஒருவழிப் பாதையும் அல்ல. கிருமி நுழைந்தால் எதிர்ப்புச் செல்கள் மூளைக்குத் தகவல் அனுப்புகின்றன. காய்ச்சலில் பசி போவதும், போர்த்திக்கொண்டு படுக்கத் தோன்றுவதும் அதனால்தான்.

இதைப் படித்துவிட்டு, 'நீ கவலைப்பட்டதால்தான் நோய் வந்தது' என்று யாரையும் குறை சொல்லக் கூடாது. நோய்க்குக் காரணங்கள் பல. மாத்திரையை நிறுத்திவிட்டு மனதை மட்டும் சரிசெய்தால் போதும் என்பதும் ஆபத்து. ஆறாத புண் இருந்தால் முதலில் சர்க்கரை அளவைப் பரிசோதித்துவிடுங்கள்.

படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவையோ மாமியாரையோ உங்கள் வீட்டில் யார் கவனிக்கிறார்கள்? பெரும்பாலும் ஒரே ஒருவர். அவர் நிம்மதியாகத் தூங்க, வாரத்தில் இரண்டு இரவாவது இன்னொருவர் விழித்திருக்கலாம். நோயாளிக்கு மருந்து கொடுக்கும் அந்தக் கைக்கும் ஓய்வு தேவை.