சின்னது, சுலபமா?

‘கடல்மீன் வளர்க்கத் தொடங்குபவர் 20 லிட்டர் ஆல்-இன்-ஒன் தொட்டியே வாங்கட்டும், சின்னது, சுலபம்’ என்கிறார் தொட்டி விற்கும் நண்பர். மேசைக்குச் சுலபம்தான், மீனுக்கு? ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே கிடக்கும். ஒரு லிட்டர் வற்றினால் ஆயிரம் கிராமுக்கு 35 கிராமாக இருந்த உப்பு 37-ஐ நெருங்கிவிடும். 100 லிட்டர் தொட்டியில் அதே ஒரு லிட்டர் போனால் 35.4கூட ஆகாது. இரண்டு நாள் ஊருக்குப் போய்த் திரும்பியபோது என் சின்னத் தொட்டியின் விளிம்பில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. கோமாளி மீன் மூலையில் மூச்சுவாங்கிக்கொண்டிருந்தது.

ஆல்-இன்-ஒன் மீது எனக்குப் புகார் இல்லை. வடிகட்டி, மோட்டார் எல்லாம் பின்னறையில் அடக்கம். அதையே 80 லிட்டருக்கு மேல் வாங்கச் சொல்லுங்கள், நண்பரே. அப்புறம், தொட்டி விற்ற அன்றே மீனையும் தலையில் கட்டாதீர்கள்: அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா பெருக நாலைந்து வாரமாவது வேண்டும்.