கண்மாய் காயுது... சப்வே நிறையுது!

விருதுநகர் - சிவகாசி ரயில் பாதையை ஒட்டி ஒரு கிராமம். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால், அந்த ஊருக்கு மட்டும் ஒரு டீசல் பம்ப்பை அனுப்பி, தண்ணீரை இறைத்து, போட்டோ எடுத்து, ‘உடனடி நடவடிக்கை’ என்று முடித்துவிடுவார்கள். இது ஓர் ஊர்ப் பிரச்னை இல்லை.

காலை ஏழு மணி. முந்தின ராத்திரி நல்ல மழை. தண்டவாளத்துக்குக் கீழே கான்கிரீட்டில் ஒரு சுரங்கப்பாதை. ஊரில் அதன் பெயர் ‘சப்வே’. உள்ளே இடுப்பளவு தண்ணீர். பட்டாசு ஆலை வேன் அந்தப் பக்கம் நின்று ஹாரன் அடிக்கிறது. சோற்று டப்பா வைத்த ஒயர் கூடையோடு ஐந்தாறு பெண்கள் வேகமாக வருகிறார்கள். சப்வே பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஜல்லி மேட்டில் ஏறி, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டுகிறார்கள்.

கடைசியாக வந்த அம்மாவிடம் கேட்டேன். ‘‘மழை இல்லாத நாள்ல சப்வே வழியாத்தானே போவீங்க?’’

‘‘வெயில் காலத்துலயும் போறதில்ல தம்பி. உள்ள ஒரு லைட்டு கிடையாது. பாம்பு கிடக்கோ, குடிகாரப் பய கிடக்கானோ, யாரு கண்டா? தண்டவாளத்துல வர்றது ரயிலு ஒண்ணுதான். அதுவும் சத்தம் குடுத்துட்டுத்தான் வரும்.’’

எவ்வளவு பெரிய கணக்கை இரண்டு வரியில் போட்டுவிட்டார்! இருட்டுச் சுரங்கத்தைவிட எதிரே வரும் ரயில் மேல் என்று ஒரு பெண் முடிவு செய்கிறார் என்றால், அவருக்கு விவரம் போதாது என்று அர்த்தமில்லை. அந்தச் சுரங்கம் அவருக்காகக் கட்டப்படவில்லை என்று அர்த்தம்.

ஆனால், சட்டத்தின் கண்ணில் குற்றவாளி அந்த அம்மாதான். 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டம், பிரிவு 147. அத்துமீறித் தண்டவாளத்தில் நடந்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சப்வேயில் தண்ணீர் நிற்கவிட்டவருக்கு என்ன பிரிவு? தேடிப் பாருங்கள்.

நியாயமாகவே பேசுவோம். ரயில்வே கேட்டுகளை ஒழிப்பது தப்பா? தப்பே இல்லை. அகல ரயில் பாதைகளில் இருந்த ஆளில்லா கேட் அத்தனையும் 2019 ஜனவரியோடு அகற்றப்பட்டன. எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய வேலை அது. ஆள் இருக்கும் கேட்டும் ஆபத்துதான் என்பதை 2025 ஜூலையில் கடலூர் செம்மங்குப்பத்தில் பார்த்தோம். பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் போனார்கள். எனவே, கேட்டை மூடு, பாலம் கட்டு, சப்வே தோண்டு என்பதில் எனக்குச் சண்டை இல்லை.

என் சண்டை, தோண்டியதற்குப் பிறகு நடப்பதைப் பற்றி.

சப்வே ஏன் நிறைகிறது என்பதற்கு ஐ.ஐ.டி-யில் படித்திருக்க வேண்டியதில்லை. தண்டவாளத்துக்குக் கீழே போக வேண்டுமானால் ரோடு இறங்க வேண்டும். இறங்கிய இடம்தான் சுற்றுவட்டாரத்திலேயே பள்ளம். இரண்டு பக்கச் சரிவிலிருந்தும் மழைத் தண்ணீர் ஓடிவந்து அங்கே உட்காரும். தானாக வெளியே போக வழி கிடையாது. ஒரு தொட்டி கட்டி, பம்ப் வைத்து இறைக்க வேண்டும். நம் பக்கம் இன்னொரு விசேஷம், கரிசல் மண். வெயிலில் வாய் பிளந்து கிடக்கும். நனைந்தால் உப்பி, வெடிப்பை மூடிக்கொண்டு, சொட்டுத் தண்ணீரைக் கீழே விடாது. போதாக்குறைக்கு மழை பெய்யும்போது கரன்ட் போய்விடும். கரன்ட் போனால் பம்ப்பும் போச்சு.

விருதுநகர் மாவட்டம் வானம் பார்த்த பூமி. தமிழகத்தின் சராசரியைவிட மழை குறைவு. வரத்துக் கால்வாயைத் தூர்க்கவிட்டோம். கண்மாய்க்குத் தண்ணீர் வரவில்லை. பள்ளம் தோண்டி சப்வே கட்டினோம். தண்ணீர் தேடி வந்துவிட்டது! அரசாங்கம் வெட்டிய நீர்நிலைகளில் வருஷம் தவறாமல் நிறைவது இது ஒன்றுதான்.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமும் இல்லை. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில், ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் மூழ்கி ஓர் அரசு பெண் டாக்டர் இறந்துபோனார். நடந்தது நடுக்கடலில் அல்ல. ரோட்டில்!

சில வருஷங்களுக்கு முன் கனடா போயிருந்தபோது டொரண்டோவில் நான் பார்த்த சுரங்கத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அங்கே ஒரு வங்கியில் வேலை பார்க்கும் என் மாமா பேரன், சிவகாசிப் பையன், என்னை நகரத்தின் நடுவில் இறக்கிக் கூட்டிப் போனான். அதன் பெயர் ‘பாத்’. மொத்த நீளம் 30 கிலோமீட்டருக்கு மேல். எழுபதுக்கும் மேற்பட்ட கட்டடங்களையும், ஆறு மெட்ரோ நிலையங்களையும், பெரிய ரயில் நிலையத்தையும் பூமிக்கடியில் இணைக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள். தரை கண்ணாடி மாதிரி. ‘‘ஜனவரில மைனஸ் இருபது போகும் மாமா. நான் கோட்டு இல்லாமலே டிரெயின்ல இருந்து ஆபீஸ் போயிருவேன்’’ என்றான்.

இதைக் கேட்டதும் நம் ஊர் அறிவுஜீவிகளுக்கு என்ன தோன்றும்? ‘அங்கெல்லாம் மக்கள் ஒழுங்கு. நம்ம ஆளுக்கு எதைக் கட்டிக் குடுத்தாலும் துப்பி வைப்பான்.’ அதே பையன் சிவகாசியில் இருந்தவரை துப்பிக்கொண்டா இருந்தான்? ஆள் மாறவில்லை, சார். கணக்கு மாறியிருக்கிறது.

நான் படித்தது பி.காம். எனக்கு கான்கிரீட் தெரியாது, கணக்கு கொஞ்சம் தெரியும். டொரண்டோவின் முதல் சுரங்க நடைபாதையை 1900-ல் போட்டது அரசாங்கம் இல்லை. ஈட்டன்ஸ் என்ற பல்பொருள் கடை. தன் பெரிய கடையையும், மலிவு விலைக் கடையையும் இணைக்கப் போட்டது. வாடிக்கையாளர் பனியில் நனையாமல் இங்கிருந்து அங்கே வர வேண்டும், இன்னும் நாலு பொருள் வாங்க வேண்டும். அவ்வளவுதான். பிறகு எழுபதுகளில் வானளாவிய கட்டடங்கள் வந்தபோது ஒவ்வொரு முதலாளியும் தன் கட்டடத்துக்குக் கீழே ஒரு துண்டு போட்டார். இன்றைக்கும் அதன் சொந்தக்காரர்கள் சுமார் 35 நிறுவனங்கள். துண்டு துண்டாக இருந்ததை ஒன்றாக்கி, எல்லோரும் வழி கண்டுபிடிக்கிற மாதிரி ஒரே அடையாளப் பலகை வைத்தது 1988-ல்.

ஆக, அங்கே நடந்து போகிறவன் வரவு. அவன் வழுக்கி விழுந்தால், இருட்டில் பயந்தால், கடைக்கு நஷ்டம். அதனால் லைட் எரிகிறது. நம் ஊரிலோ நடந்து போகிறவன் செலவு. ரயிலுக்கு இடைஞ்சல், காருக்கு இடைஞ்சல். அவனைக் கண்ணில் படாமல் எங்கேயாவது அனுப்ப வேண்டும். எங்கே அனுப்பலாம்? கீழே!

கணக்குப்பதிவியலின் முதல் பாடம், ஒரு பக்கம் வரவு எழுதினால் இன்னொரு பக்கம் பற்று எழுதியே ஆக வேண்டும். கேட்டை மூடினால், கேட் கீப்பர் சம்பளம் மிச்சம், ரயில் தாமதம் மிச்சம். வரவு. அந்த அம்மா சுற்றுவழியில் போய் வேனைத் தவறவிட்டால், பீஸ் ரேட் கூலியில் அன்றைக்குப் பாதி போச்சு. இது பற்று. ஆனால், எந்த லெட்ஜரிலும் அது ஏறுவதில்லை. பாதிக் கணக்கை மட்டும் எழுதிவிட்டு, ‘திட்டம் வெற்றி’ என்று பேலன்ஸ் ஷீட்டில் கையெழுத்துப் போட்டால் ஆடிட்டர் உள்ளே போவார். இங்கே கல்வெட்டு வைக்கிறார்கள்.

டொரண்டோவை நான் கும்பிடச் சொல்லவில்லை. அந்தச் சுரங்கத்துக்கும் இன்னொரு முகம் உண்டு. தனியார் இடம், தனியார் செக்யூரிட்டி. வீடில்லாதவன் குளிருக்கு ஒதுங்கினால் கிளப்பிவிடுவார்கள். நடமாட்டத்தையெல்லாம் கீழே இழுத்துக்கொண்டதால் மேலே தெரு உயிரிழந்து போகிறது என்று அந்த ஊர்க்காரர்களே பல வருஷமாகத் திட்டுகிறார்கள். 2020-ல் கொரோனா வந்து ஆபீஸ்கள் காலியானபோது கீழே கடைகளும் காலியாயின. முதலாளி லாபத்தை நம்பிக் கட்டியது, லாபம் இருக்கும்வரைதான். அது பனிக்கு அஞ்சிக் கட்டியது. நமக்கு எந்தப் பனி?

ஆனாலும் நம் ஊர்களில் ‘நெரிசலைக் குறைக்க ஒரு சுரங்க நடைபாதை’ என்று யாராவது அடிக்கடி யோசனை சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்ட் எதிரில், பஜாரில், பள்ளிக்கூடம் முன்னால். அவர்களுக்கு ஒரே ஒரு கேள்வி. ரயிலால் சட்டென்று நிற்க முடியாது, அதனால் அதன் பாதையில் நாம் குறுக்கிடாமல் கீழே போகிறோம். நியாயம். காருக்கு பிரேக் இருக்கிறதே... அது எதற்கு? அறுபது வயசுப் பாட்டி முப்பது படி இறங்கி முப்பது படி ஏற வேண்டும், ஏ.சி. காரில் இருப்பவர் காலை லேசாக பிரேக்கில் வைக்கமாட்டார். யாருடைய முழங்கால் மலிவு என்பதில்தான் இருக்கிறது நம் நகரத் திட்டம்.

லண்டனில் ‘எலிஃபென்ட் அண்ட் காஸில்’ என்ற பெரிய சந்திப்பில் இருந்த சுரங்க நடைபாதைகளை மூடிவிட்டு, மேலேயே சிக்னலோடு கடக்கும் வழி செய்துவிட்டார்கள். இருட்டும் பயமும் போதும் என்று தோண்டியவர்களே மண் போட்டு மூடுகிறார்கள். நாம் இப்போதுதான் மண்வெட்டியைத் தூக்குகிறோம்.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நடந்து போனவர்கள் மட்டும் 32,825. ஐந்தில் ஒருவர். தடையில்லாத நடைபாதை என்பது வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நடப்பது உரிமை என்றால், தண்ணீரில்லாமல் நடப்பதும் வெளிச்சத்தில் நடப்பதும் அதற்குள் வராதா?

சரி, திட்டினால் மட்டும் போதுமா, என்ன செய்யலாம்? சிவகாசியிடமே கேட்கலாம்.

பட்டாசு ஆலைக்குள் போயிருக்கிறீர்களா? ஒவ்வொரு அறைச் சுவரிலும் எழுதியிருக்க வேண்டும் - அறை எண், உள்ளே அதிகபட்சம் எத்தனை பேர், எவ்வளவு மருந்து. கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். ஆபத்து என்றால் யோசிக்காமல் ஓட வழி இருக்க வேண்டும். போர்டு இருந்தால் மட்டும் போதாது என்பதும் எனக்குத் தெரியும். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்த மண் இது. ஆனால் விதி எழுதியிருந்ததால்தான், மீறியது யார் என்று கேட்கவாவது முடிந்தது.

சப்வே வாசலில் அப்படி ஒரு போர்டு வையுங்கள். கட்டியது எந்தத் துறை? பம்ப் யார் பொறுப்பு? லைட் யார் பொறுப்பு? தண்ணீர் நின்றால் எந்த நம்பருக்குப் போன் செய்வது? இப்போது கேட்டால், ‘பெட்டி ரயில்வேயுடையது, ரோடு பஞ்சாயத்துடையது, வாய்க்கால் நெடுஞ்சாலைத் துறையுடையது’ என்பார்கள். தண்ணீர் மட்டும் யாருடையதும் இல்லை! ஒரே ஒரு பெயர் எழுதட்டும். சரிவுகளுக்குக் கூரை போடட்டும். ஓரத்தில் இரண்டடி உயரத்தில் நடப்பவர்களுக்குத் தனி மேடை கட்டட்டும். கரன்ட் போனாலும் ஓடுகிற பம்ப் வைக்கட்டும். இதெல்லாம் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. ராக்கெட் செய்வதே எங்கள் ஊர்ப் பெண்கள்தான், அவர்களால் முடிகிறது.

பேச்சுவாக்கில் அந்த அம்மாவிடம் டொரண்டோ கதையைச் சொன்னேன். பூமிக்கு அடியில் முப்பது கிலோமீட்டர், ஆயிரம் கடை, கண்ணாடித் தரை.

‘‘அங்க தண்ணி நிக்காதா தம்பி?’’

‘‘நிக்காதும்மா.’’

வேன் ஹாரன் அடித்தது. கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சொன்னார்...

‘‘அப்ப அங்க யாரோ பெரிய ஆளுக நடக்காங்க போல!’’