பதம் பார்த்துப் புறப்படுங்கள்!

"மோட்டார் சைக்கிள் சமாசாரம் நமக்கெதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! இந்தக் காலத்தில் ஓட்டுகிறவரே நீங்களாக இருக்கலாம். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தும் போகலாம். மலைப்பாதையில் ஆபத்து இருவருக்கும் ஒன்றுதானே?

கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் பரம சாதுவாக ஓடும் வண்டி, கச்சிராயபாளையம் தாண்டி, வெள்ளிமலைக்குப் போகக் கல்வராயன் மலையில் ஏறத் தொடங்கியதும் சண்டித்தனம் செய்யும். வளைவில் கியரைக் குறைக்கப் பார்த்தால், 'மாட்டேன்' என்று அடம் பிடிக்கும்!

காரணம் பெரும்பாலும் இடது கைப் பக்கத்துக் கிளட்சுப் பிடியில்தான் இருக்கிறது. கிளட்சுத் தட்டுகள் இட்லித் தட்டுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. ஸ்பிரிங்குகள் அவற்றை இறுக்கி வைத்திருக்கின்றன. பிடியை அழுத்தினால் தட்டுகள் விலகும். எஞ்சினின் சக்தி சக்கரத்துக்குப் போகாது. அப்போதுதான் கியர் சுலபமாக மாறும்.

பிடியில் தொய்வு அதிகமானால் தட்டுகள் முழுவதும் விலகுவதில்லை. கியர் முரண்டும், நியூட்ரல் அகப்படாது. தொய்வே இல்லாவிட்டாலோ, தட்டுகள் சரியாகச் சேராமல் வழுக்கும். மேட்டில் எஞ்சின் அலறும், வண்டி ஏறாது, தட்டுகள் கருகும்.

அப்படியானால் எவ்வளவு தொய்வு வேண்டும்? சாதாரண வண்டிகள் பலவற்றில் பிடியின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர். உங்கள் வண்டியின் கையேட்டில் சரியான அளவு இருக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒரு விரலால் பிடியை அசைத்துப் பாருங்கள். அளவு தவறியிருந்தால் பூட்டு நட்டைத் தளர்த்தி, திருகைத் திருப்பிச் சரிசெய்து, மறுபடி இறுக்க வேண்டும். ஹாண்டில்பாரை இருபுறமும் திருப்பி, கேபிள் இழுபடவில்லையே என்றும் கவனியுங்கள். கேபிளில் ஓர் இழை அறுந்திருந்தாலும் மாற்றிவிடுவதே நல்லது. இவ்வளவு செய்தும் கியர் முரண்டினால், மெக்கானிக்கிடம் காட்டாமல் மலைக்குக் கிளம்பாதீர்கள்.

இன்னொன்று: இறக்கத்தில் கிளட்சை அழுத்திக்கொண்டே வரக்கூடாது. எஞ்சின் தரும் கட்டுப்பாடு போய், பிரேக் ஒன்றே பாரத்தைத் தாங்கிச் சூடேறிவிடும்.

முறுக்கு மாவுக்குப் பதம் பார்க்கத் தெரிந்த கைக்குக் கிளட்சின் பதம் தெரியாமலா போய்விடும்?