குளம் தாங்கும் மீன் எத்தனை?

அலுவிகாரையைத் தாண்டி ஏ9 வீதியில் வடக்கே செல்லச் செல்ல மழை குறையும், குளங்கள் கூடும். நாலந்தா, போவதென்ன, கண்டலம போன்ற நீர்த்தேக்கங்களுக்கு அப்பால், மாரியில் நிரம்பி ஆவணியில் வற்றும் சிறு குளங்களும் இம்மாவட்டத்தில் உண்டு. அவற்றில் மீன்குஞ்சு விடுவதை நாம் ஆதரிக்கிறோம். ஆனால் "இத்தனை ஆயிரம் விட்டோம்" என்ற கணக்கை மட்டும் மேடையில் சொல்லிப் பெருமைப்படுவதில் எமக்குச் சம்மதமில்லை.

இக்குளத்து மீனுக்கு யாரும் தீனி போடுவதில்லை. நீரில் தானாக உண்டாகும் பாசியும் நுண்ணுயிர்களும் புழுபூச்சிகளுமே அதன் உணவு. அதற்கு ஓர் அளவு உண்டு. பேச்சுக்கு, ஐந்து ஏக்கர் குளமொன்று ஒரு பருவத்தில் 600 கிலோ மீன் தரும் என்று வைத்துக்கொள்வோம். 1,200 மீன்கள் பிழைத்திருந்தால் ஒவ்வொன்றும் அரைக் கிலோ. 6,000 பிழைத்திருந்தால் ஒவ்வொன்றும் 100 கிராம். மொத்த நிறை ஒன்றுதான். தலையும் முள்ளும் போக மிஞ்சுவதற்கு எந்த வியாபாரி நல்ல விலை தருவார்? குஞ்சுக்குக் கொடுத்த காசோ பல மடங்கு.

1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவின் கதை இன்னும் மோசம். நெருக்கடியில் அது வளர்ச்சி குன்றி, சிறிதாக இருக்கும்போதே இனம்பெருக்கத் தொடங்கிவிடும். நாம் விடாத குஞ்சுகளும் பந்திக்கு வந்து சேரும்.

தூண்டில்காரர் இதை வேறுவிதமாகக் காண்கிறார். நெருக்கமான குளத்தில் பசித்த மீன் இரையைக் கண்டதும் கௌவும். பொழுது சாயுமுன் கோர்வை நிறையும். "மீன் பெருகிவிட்டது" என்று மகிழ்ச்சி. உண்மையில் அது மீனின் பட்டினி. மேலும் கட்லா, பெருந்தலைக் கெண்டை ஆகியன நீரிலுள்ள நுண்ணுணவை வடித்துண்பவை. தூண்டில் இரைக்கு எளிதில் வரமாட்டா. ஆகவே தூண்டிலை மட்டும் நம்பிக் குளத்தை மதிப்பிட முடியாது.

2002-2003 பருவத்தில் இலங்கையின் 32 பருவக்குளங்களில் வெவ்வேறு நெருக்கங்களில் குஞ்சு விட்டு ஆய்வு செய்தார்கள். 23 குளங்களிலேயே அறுவடை கைகூடியது. விளைச்சல் ஹெக்டயருக்கு 53 கிலோ முதல் 1,801 கிலோ வரை! குஞ்சு கூடக்கூட விளைச்சல் ஓர் எல்லைவரை ஏறிப் பின்னர் இறங்கியது. நெருக்கம் ஒன்றே இதற்குக் காரணம் என்று நாம் சொல்லவில்லை. மண்ணும் நீரும் விராலும் கூடக் கணக்கில் வரும்.

குறைவாக விடுவதும் நட்டமே. 1990இல் உள்நாட்டு மீன்வளத்துக்கான ஆதரவை அரசு நிறுத்தியது. 1994இல்தான் மீண்டும் தொடங்கியது. அக்காலத்தை அறிந்தவர்கள், குஞ்சு கிடைக்கும்போது அள்ளி விடுவதில் வியப்பில்லை.

எமது வேண்டுகோள் விவசாயிகள் சங்கங்களுக்கே. குஞ்சு கேட்டு விண்ணப்பிக்குமுன், ஆனி, ஆடியில் தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று கோல் நட்டு அளந்து வையுங்கள். நிறைகுளத்தின் பரப்புக்கு விட்ட குஞ்சு, குளம் பாதியானதும் இரட்டை நெருக்கமாகிவிடும். குஞ்சு விட்டபின் மாதம் ஒருமுறை பத்து மீனைப் பிடித்து நிறுத்துக் கொப்பியில் எழுதுங்கள். இரண்டு மாதமாக நிறை ஏறவில்லையென்றால், வற்றும்வரை காத்திராமல் ஒரு பகுதியைப் பிடித்து விற்றுவிடலாம்.