கண்ணாடிக்கு அப்பால் நிற்கும் கார்

என்னுடைய காருக்கு அவர்கள் மரண தண்டனை விதித்து இரண்டு மாதங்களுக்கு மேலாகின்றது. தண்டனை நிறைவேறவில்லை. இதனை எழுதிக்கொண்டிருக்கும்போது அது வாசலில்தான் நிற்கின்றது. காலையில் அதில்தான் சந்தைக்குப் போய் வந்தேன்.

அது 2014 ஆம் ஆண்டு தயாரான யப்பானிய ஹைபிரிட் கார். காலி வீதி நெரிசலில் ஒருநாள் முகப்பில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. கொழும்பிலுள்ள முகவர் நிறுவனம் ஒன்றின் சேவைப் பிரிவுக்குக் கொண்டுபோனேன். குளிரூட்டிய அறை, இலவசக் கோப்பி, சுவரில் தொலைக்காட்சி, நடுவே பெரிய கண்ணாடித் தடுப்பு. தடுப்புக்கு அப்பால் என் கார். இரண்டரை மணி நேரத்தின் பின்னர் கழுத்துப்பட்டி அணிந்த இளைஞர் வந்து, ஹைபிரிட் பற்றரி முடிந்துவிட்டது, புதியது போட ஆறு இலட்சம் ரூபாவுக்கு மேல் ஆகும் என்றார். எந்தப் பகுதி பழுது என்று கேட்டேன். கணினி அப்படித்தான் சொல்கிறது என்றார். கணினி சொன்னதை அச்சிட்டுத் தாருங்கள் என்றேன். அது நிறுவனத்தின் உள்ளக ஆவணமாம். உள்ளே வந்து பார்க்கலாமா என்றேன். வாடிக்கையாளருக்கு அனுமதியில்லையாம். பரிசோதனைக் கட்டணத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

நாற்பது ஆண்டுகள் செய்தி எழுதியவன் நான். ஆதாரத்தைக் காட்டாமல் முடிவை மட்டும் சொல்கின்ற அதிகாரிகளை நிறையவே கண்டிருக்கின்றேன். ஆனால் என் சொந்தப் பொருளைப் பற்றி, நான் கட்டணம் செலுத்திப் பெற்ற தகவலை, எனக்கே இரகசியம் என்று சொன்னவர்களை அன்றுதான் கண்டேன்.

மறுநாள் தெஹிவளையில் கராஜ் வைத்திருக்கும் கொக்குவில்காரர் ஒருவரிடம் போனேன். அவர் முதலில் பார்த்தது பற்றரியை அல்ல. பின்னிருக்கையின் ஓரத்திலுள்ள காற்றுத் துவாரத்தை. இந்த வகைப் பற்றரி சூடாகாமல் இருக்க ஒரு சிறிய விசிறி காருக்குள்ளிருந்தே காற்றை இழுத்து அதற்குள் அனுப்புகின்றது. அந்த வழியில் தூசி, பஞ்சு, தலைமயிர் எல்லாம் சேர்ந்து விரிப்புப் போலப் படிந்திருந்தன. பின்னர் இறப்பர் கையுறை போட்டு, உயர் அழுத்த மின்னைத் துண்டிக்கும் செருகியைக் கழற்றிவிட்டுப் பற்றரியைத் திறந்தார். தொகுதிகளை இணைக்கும் செப்புத் தகடுகளில் பச்சைக் களிம்பு. உள்ளே 20 தொகுதிகள், ஒவ்வொன்றும் 7.2 வோல்ற். ஒவ்வொன்றுக்கும் சுமை கொடுத்து அளந்து, ஒரு கடதாசி மட்டையில் வரிசையாக எழுதி என்னிடம் நீட்டினார்.

"ஐயா, நீங்களே பாருங்கோ. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு. பற்றரிக்கு ஒண்டுமில்லை, அதுக்கு மூச்சு முட்டியிருக்கு. ஆனா இன்னும் பத்து வருசம் ஓடும் எண்டு நான் சொல்லமாட்டன்."

தகடுகளைச் சுத்தம் செய்து, விசிறியைக் கழுவிப் பூட்டினார். கூலி 7,500 ரூபா. விளக்கு இதுவரை எரியவில்லை. மட்டை என் மேசையில் இருக்கின்றது.

பழைமைவாதி பேசுகிறான் என்று சிலர் நினைக்கக்கூடும். 1990 இல் வடக்குக்கு எரிபொருள் தடை வந்தபின் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு நான் சொல்ல வருவது விளங்கும். கோடு போட்ட கொப்பித் தாளில் பத்திரிகை அச்சிட்ட காலம் அது. எங்கள் ஒஸ்ரின் ஏ40 களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் பீச்சி இயக்கி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெயில் விடுவார்கள். அழுத்த விகிதம் குறைந்த பழைய எஞ்சின்கள் என்பதால் அது சாத்தியமாயிற்று. அதற்கு விலையும் இருந்தது: தெருவெல்லாம் புகை, எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கும். அந்தக் கார்களை மீண்டும் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. அன்று எங்கள் மெக்கானிக்குகளிடம் உதிரிப்பாகம் இருக்கவில்லை. ஆனால் பழுது எதனால் வந்தது என்று கண்டுபிடிக்கும் பொறுமை இருந்தது. இன்று சேவைப் பிரிவுகளில் உதிரிப்பாகம் இருக்கின்றது. மாற்றத் தெரிந்தவர்களாக அவர்களைப் பழக்கிவிட்டார்கள். திருத்தத் தெரிந்தவர்களாக அல்ல. அந்த இளைஞரில் எனக்குக் கோபமில்லை. அவருக்கு மேலே இருந்து மாத விற்பனை இலக்கை விதிப்பவர்களில்தான் கோபம்.

அந்த இலக்கின் அடையாளங்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். ஒயில் மாற்றப் போனால், எஞ்சினைக் கழுவும் திரவம், இன்ஜெக்டர் சுத்திகரிப்பு என்று கேளாமலே பட்டியலில் ஏறும். காரோடு வந்த கைநூலில் அவை பெரும்பாலும் இருக்காது. மறுபுறம், கியர்பெட்டி ஒயிலைப் பற்றிக் கேட்டால், அது ஆயுட்கால ஒயில், மாற்றவே தேவையில்லை என்பார்கள். யாருடைய ஆயுட்காலம்? உத்தரவாதக் காலத்தின் ஆயுள்தான். ஒரு இலட்சம் கிலோமீற்றர் கடந்து கியர்பெட்டி திணறும்போது, முழுப் பெட்டியையும் மாற்றவேண்டும் என்று சொல்பவர்களும் அவர்களே.

நியாயமாகவும் பேசவேண்டும். எஞ்சின் ஒயிலை 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றச் சொல்வதை ஏமாற்று என்று பலர் திட்டுகிறார்கள். நான் திட்டமாட்டேன். கைநூல் 10,000 என்று சொன்னாலும், தூசியிலும் நெரிசலிலும் குறுந்தூர ஓட்டத்திலும் அதைக் குறைக்க வேண்டும் என்று அதே கைநூல் இன்னொரு பக்கத்தில் சொல்கிறது. அதேபோல, பழைய பற்றரியில் ஒரு தொகுதியை மட்டும் மாற்றி "புதியது போலாக்கி" விற்கும் தெருவோரக் கெட்டிக்காரர்களையும் நம்பாதீர்கள். மற்றைய பத்தொன்பதும் அதே வயதுடையவை. சில மாதங்களில் அடுத்தது விழும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகளும் இந்த நாட்டை ஓடவைத்தவை பழைய வாகனங்களும், பஞ்சிகாவத்தைக் கடைகளும், சிறு கராஜ்களுமே. 2022 இல் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று பங்கீடு வந்தபோது என் ஹைபிரிட்டின் அருமை எனக்குத் தெரிந்தது. ஆகவே புதிய தொழில்நுட்பத்தோடு எனக்குப் பகையில்லை. அதைப் பூட்டிவைத்துத் திறப்பை ஒருவர் மட்டும் வைத்திருப்பதோடுதான் பகை.

வேறு நாடுகளில் இந்தப் பூட்டைச் சட்டம் தொட்டிருக்கின்றது. உத்தரவாதம் வேண்டுமானால் எங்கள் பாகத்தையே வாங்கு என்று கட்டாயப்படுத்துவதை அமெரிக்காவின் 1975 ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது. சுயாதீன கராஜ்களுக்குத் தொழில்நுட்பத் தகவலைக் கொடுக்கவேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2002 இல் விதி செய்தது. உதிரிப்பாகங்களையும் தகவலையும் வெளியே விடாமல் வைத்திருந்ததற்காக இந்தியப் போட்டி ஆணைக்குழு 2014 இல் 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி இந்திய ரூபாவுக்கு மேல் தண்டம் விதித்தது. இலண்டனிலிருந்தும் பாரிசிலிருந்தும் இதை வாசிக்கின்ற அன்பர்கள் தங்கள் கராஜில் இயல்பாகப் பெறுகின்ற பரிசோதனை அறிக்கையை நான் இங்கே கெஞ்சிக் கேட்கவேண்டியிருக்கின்றது.

ஊரிலுள்ள பெற்றோருக்கு எந்த எஞ்சினுள்ள காரை வாங்கிக் கொடுக்கலாம் என்று அவர்களில் சிலர் மின்னஞ்சலில் கேட்கிறார்கள். என் விருப்பம் இது: ரேர்போ இல்லாத, 1.5 லீற்றர் அளவிலான, ரைமிங் பெல்ற் அல்லாமல் செயின் உள்ள, உறிஞ்சு குழாயில் பெற்றோலைப் பீச்சும் பழைய முறை எஞ்சின். ரொயோட்டா 121 இல் இருந்த 1என்இசட் அதற்கு நல்ல உதாரணம். நேரடியாகச் சிலிண்டருக்குள் பீச்சும் புதிய சிறு ரேர்போ எஞ்சின்கள் சிக்கனமானவை, வேகமானவை. ஆனால் அவற்றில் உறிஞ்சு வால்வுகளைப் பெற்றோல் கழுவுவதில்லை, கரி படிகிறது. அதைச் சுத்தம் செய்யத் தெரிந்த கராஜ் உங்கள் அப்பா அம்மாவுக்குப் பத்து மைல் தூரத்துக்குள் இருக்கின்றதா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால் அவர்களும் அந்தக் கண்ணாடிக்கு முன்னால்தான் போய் உட்கார வேண்டும்.

என் விவகாரத்துக்கு வருகின்றேன். கணினி அறிக்கையின் பிரதியைக் கேட்டு முகவர் நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் இரண்டு கடிதங்கள் எழுதினேன். முதலாவதுக்குப் பதிலில்லை. இரண்டாவதுக்கு, அடுத்த சேவையில் பத்து வீதக் கழிவு தருவதாக ஒரு குறுஞ்செய்தி வந்தது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் முறையிடுவதானால் மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். மனு தயார், மட்டையின் படமும் இணைத்தாயிற்று. இன்னும் பத்தொன்பது நாட்கள் இருக்கின்றன.