கந்தல் துணியும் கைவிட்ட வேலையும்

"ஊசி பிடிக்கும் வேலை உனக்கெதற்கு?" என்று கேட்போர் நம் விடுதிகளிலும் உண்டு, ஆய்வுக்கூடங்களிலும் உண்டு. முதுகலை பயிலும் இளைஞன், அதிலும் அறிவியல் மாணவன், துண்டுத் துணிகளைச் சேர்த்துப் போர்வை தைக்கக் கற்கிறான் என்றால் அவர்களுக்குச் சிரிப்பு வருகிறது. சிரிப்பவர்களை ஒன்று கேட்கிறேன். சாலைக் கடைத்தெருவில் எந்திரத்தின் முன் குனிந்து அமர்ந்து சட்டை தைக்கிறாரே தையற்காரர், அவர் ஆடவர் அல்லரா? கூலிக்குத் தைத்தால் ஆண்மைக்குப் பழுதில்லை. வீட்டுக்குத் தைத்தால் மட்டும் பழுது வந்து சேருமா? இது என்ன கணக்கு, நண்பர்களே?

இன்னொரு கேள்வியும் எழுகிறது. "திருவனந்தபுரத்து வெப்பத்தில் போர்வை யாருக்கு வேண்டும்?" என்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் போர்வை என்றதும் பஞ்சடைத்த மேனாட்டு மெத்தைப் போர்வையையே ஏன் நினைக்க வேண்டும்? பழம்புடவைகளை நான்கைந்து மடிப்பாக அடுக்கி, ஊசியை ஏற்றி இறக்கி நேர்த்தையல் ஓட்டிய விரிப்பில் பஞ்சே இல்லை. துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்தி அது. துலாவருட மழை பெய்யும் மாலையில் தோளில் போட்டுக்கொள்ளலாம். மற்ற நாளில் பாய்மேல் விரிக்கலாம். நம்மில் பலர் பிறந்த குழந்தையாய் முதலில் கிடந்ததே இத்தகைய விரிப்பில்தான். தொட்டிலை மறந்தவர்க்கு அதுவும் மறந்து போயிற்று.

கந்தலைத் தைப்பது கலையா என்று ஐயுறுவோர் சற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். புத்தர் பெருமான் துறவியரின் ஆடையை வெட்டித் தைத்த துண்டுகளால் ஆக்கச் சொன்னார். மகத நாட்டு வயல்கள் வரப்புகளால் பிரிந்து கிடந்த அழகைக் காட்டி, அம்மாதிரியில் ஆடை அமைக்குமாறு ஆனந்தரைப் பணித்தார் என்று விநய நூல் கூறுகிறது. வங்கத்தில் பழைய புடவைகளை அடுக்கித் தைப்பதைக் 'காந்தா' என்கின்றனர். நம் 'கந்தை'யும் அச்சொல்லுக்கு உறவே. கவிஞர் ஜசீமுத்தீன் 1929-ல் வெளியிட்ட நெடும்பாட்டுக்குத் தலைப்பு தந்தது அப்படிப்பட்ட ஒரு போர்வைதான். கருநாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில், எல்லாப்பூர், ஹளியாள் பகுதிகளில், ஆப்பிரிக்க வழி வந்த சித்தி மக்கள் வாழ்கின்றனர். அவர்களுடைய மகளிர் 'கவந்தி' தைக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருவார்கள். முடிந்தபின் நான்கு மூலையிலும் சிறு முக்கோண மடிப்புகளைப் பூவாக வைப்பார்கள். பூ இல்லாத போர்வை அவர்கள் கண்ணுக்கு ஆடையில்லாத உடல் போன்றது! அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரில், அடிமைகளாயிருந்தோரின் வழிவந்த பெண்கள் பழைய உழைப்புடைகளைக் கிழித்துத் தைத்த போர்வைகளை 2002-ல் பெரிய கலைக்கூடங்கள் சுவரில் மாட்டின. 2006-ல் அந்நாட்டு அரசு அவற்றை அஞ்சல்தலைகளிலும் அச்சிட்டது. இவ்வளவு தொலைவு போவானேன்? நம் கோயில் தேர்களில் அசைந்தாடும் தொம்பைகளைப் பாருங்கள். வெட்டிய வண்ணத் துணியை வேறு துணிமேல் வைத்துத் தைத்த ஒட்டு வேலை அல்லவா அது?

இனி, அறிவியல் மாணவர்க்கென ஒரு சொல். இந்தக் கைத்தொழில் பிழைகளைப் பற்றிக் கற்பிப்பதைப் போல எந்த ஆய்வுக்கூடமும் எனக்குக் கற்பிக்கவில்லை. இருபது துண்டுகளை ஒரு வரிசையில் இணைக்கிறோம் என்க. பத்தொன்பது இணைப்புகள். ஒவ்வொன்றிலும் தையல் ஓரம் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகப் போனால், இருபுறத் துணியிலும் குறைவதால் ஓர் இணைப்புக்கு இரண்டு மில்லிமீட்டர் போகும். வரிசை முழுவதும் 38 மில்லிமீட்டர் குறுகிவிடும்! அதே பிழை ஒருமுறை கூடியும் ஒருமுறை குறைந்தும் ஒழுங்கின்றி நேர்ந்தாலோ, விலகல் ஏறத்தாழ 9 மில்லிமீட்டரில் நின்றுவிடும். ஒரே பக்கம் சாயும் பிழைக்கும் இருபக்கமும் ஊசலாடும் பிழைக்கும் உள்ள வேற்றுமையைப் பாடநூலில் படித்தவர் பலர். அடுத்த வரிசையோடு பொருந்தாமல் துணி இழுபடும்போதுதான் அது விரலில் உறைக்கும்.

வடிவ கணிதமும் இதில் உண்டு. ஒரே வடிவத்தால் தளம் முழுவதையும் நிரப்ப வேண்டும், ஆனால் அமைப்பு எங்கும் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரக்கூடாது; அத்தகைய ஒற்றை ஓடு உண்டா என்று கணித அறிஞர்கள் பல்லாண்டுகள் தேடினர. 2023 மார்ச்சில் விடை வந்தது. பதின்மூன்று பக்கமுள்ள 'தொப்பி' என்ற வடிவம். அதை முதலில் கண்டவர் பேராசிரியர் அல்லர்; டேவிட் ஸ்மித் என்ற, ஓய்வு பெற்ற அச்சுத் தொழில்நுட்பர். அட்டையில் வெட்டி வெட்டி அடுக்கிப் பார்த்தவர்! பிறகு மூன்று அறிஞர்கள் சேர்ந்து மெய்ப்பித்தனர். அத்தொப்பியைத் துணியில் வெட்டினால் ஒரு சிக்கல் உண்டு. சில துண்டுகள் கண்ணாடிப் பிம்பமாகத் திரும்ப வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூ அச்சிட்ட துணியைத் திருப்பினால் வெளிறிய முதுகு தெரியும். ஆகவே வலத்துக்கொன்றும் இடத்துக்கொன்றுமாக இரு வகை வெட்ட வேண்டும். நம் பலராமபுரக் கைத்தறியின் வெற்று வெள்ளைப் பகுதிக்கு அத்தொல்லை இல்லை; இருபுறமும் ஒன்றே. (அந்நெசவை அங்கே வேரூன்றச் செய்த சாலியர்கள் தமிழ் நிலத்திலிருந்து மன்னர் பலராமவர்மரால் அழைத்து வரப்பட்டவர்கள். புலம்பெயர்ந்தவர் நாம் முதல்வர் அல்லர்.)

இப்போது கைவிட்ட வேலைக்கு வருகிறேன். எழுத வந்ததே அதற்காகத்தான்.

1927-ல் புளூமா சைகார்னிக் என்ற உளநூல் அறிஞர், முடித்த வேலையைவிட இடையில் தடைப்பட்ட வேலையே நினைவில் நிற்கும் என்றார். மேடைப் பேச்சாளர்கள் இன்றும் அதை எடுத்தாளுகின்றனர். பின்வந்த சோதனைகள் பல அதை உறுதி செய்யவில்லை. ஆனால் அவருடன் ஆய்ந்த மரியா ஒவ்சியான்கினா 1928-ல் கண்ட முடிவு, விட்ட வேலை கண்ணில் பட்டால் அதைத் தொடரும் உந்துதல் மனிதர்க்கு உண்டு என்பது, வலுவாக நிற்கிறது. கவனியுங்கள்: கண்ணில் பட வேண்டும். கட்டிலுக்கடியில் பெட்டிக்குள் பூட்டி வைத்தால் எந்த உந்துதலும் வராது.

எங்கள் வீட்டில் அப்படி ஒரு மூட்டை உண்டு. பிழைப்புத் தேடிச் செங்கோட்டைப் பக்கத்திலிருந்து இந்நகருக்கு வந்த குடும்பம் எங்களுடையது. நான்கு வாடகை வீடுகள் மாறியும் அம்மூட்டை கூடவே வந்தது. மறைந்த என் ஆச்சியின் புடவைகளை அடுக்கி அம்மா தைக்கத் தொடங்கிய விரிப்பு அது. தம்பி பிறந்தான், அப்பளம் உருட்டும் வேலையும் வந்தது, தையல் நின்றது. பிரித்தபோது ஊசி துணியிலேயே துருப்பிடித்திருந்தது. சுற்றிலும் செம்மண் நிறத்தில் கறை. "எதுக்குப்பா இந்தப் பாடு? கடையிலே புதுசா ஒண்ணு வாங்கிரலாம்" என்றார் அம்மா. சொல்லிவிட்டு, அந்தக் கறைக்குப் பக்கத்தில் இருந்த நீலக் கட்டத்தைத் தடவிக்கொண்டிருந்தார். அது அவருடைய தாய் கடைசிப் பொங்கலுக்குக் கட்டிய புடவையாம்.

முடிக்கத்தான் வேண்டும் என்றேன். எப்படி முடிப்பது? அம்மாவின் தையல் நீண்டது, நெல்மணி போல; என்னுடையது குறுகியது. பழையதைப் பிரித்துவிட்டு ஒரே சீராகத் தைத்தால் அழகாயிருக்கும் என்கிறார் நண்பர் ஒருவர். நான் உடன்படேன். பழஞ்சின்னங்களைப் பேணுவது குறித்து 1964-ல் வெனிஸ் நகரில் உருவான சாசனம், புதிதாய்ச் சேர்க்கும் பகுதி முழுமையோடு இயைய வேண்டும், ஆயினும் பழையதிலிருந்து வேறென்று தெரியவும் வேண்டும் என்கிறது. கோபுரத்துக்கு உள்ள மதிப்பு ஒரு தாயின் தையலுக்கு ஏன் கூடாது? அவர் விட்ட இடமும் நான் தொட்ட இடமும் தெரியட்டும், கறையும் இருக்கட்டும்.

அப்படியானால் எல்லாவற்றையும் முடித்தே தீர வேண்டுமா? இல்லை. கழுகுமலை வெட்டுவான் கோயிலைக் கண்டிருப்பீர்கள். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் படைப்பு. மேலே விமானம் உயிர்பெற்று நிற்கிறது. கீழே பாறை பாறையாகவே கிடக்கிறது. முடியாமல் நின்றதால்தான் சிற்பிகள் உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கினர் என்பது நமக்குக் கண்கூடாகத் தெரிகிறது. அதில் இன்று எவரும் உளி வைத்தால் நான் தடுப்பேன். தம் விருப்பமின்றித் தொடங்கிய வேலையையும், பிறர் மெச்சத் தொடங்கிய வேலையையும் விட்டொழிப்பதில் இழுக்கில்லை. யாரோ ஒருவர் காத்திருக்கும் வேலைதான் வேறு.

நம் நகரில் 1837-ல் சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில் எழுந்த வானாய்வுக்கூடத்தின் தலைவராயிருந்த ஜான் ஆலன் பிரௌன், இங்கும் அகத்திய மலை உச்சியிலும் காந்த ஊசியின் அசைவைப் பல்லாண்டு குறித்தார். 1865-ல் ஊர் திரும்பினார். அவ்வளவோடு விட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஒன்பது ஆண்டு கழித்து, 1874-ல், இலண்டனில் அந்நூல் அச்சாயிற்று. மலையேறிக் குளிரில் நின்று அளவெடுத்த உதவியாளர்களின் உழைப்பு அதனால்தான் வீணாகவில்லை.

நம் மன்ற உறுப்பினர்களிடமும் இத்தகைய மூட்டைகள் இருக்கும். பாதி எழுதிய நாடகம், ஆறு எழுத்தோடு நின்ற மலையாளப் பாடம், கம்பி அறுந்த வீணை, தாத்தாவின் கடிதங்களைப் படியெடுக்கத் தொடங்கிய குறிப்பேடு. சனிக்கிழமை மாலைகளில் மன்ற அறை பெரும்பாலும் பூட்டியே கிடக்கிறது. அதைத் திறந்து வைப்போம். ஒவ்வொருவரும் ஒரே ஒரு மூட்டையைக் கொணர்ந்து எல்லோர் கண்ணிலும் படும்படி மேசைமேல் வையுங்கள். சொற்பொழிவு வேண்டாம், தலைவர் வேண்டாம், நன்றியுரையும் வேண்டாம். துணி தைக்க விரும்புவோர்க்கு ஊசியும் நூலும் நான் தருகிறேன். தையற்கடைகளில் கேட்டால் வெட்டுத் துணி ஒரு பை நிறையக் கிடைக்கும். கத்தரிக்கோல் மட்டும் அவரவர் கொண்டு வருக. என்னிடம் இருப்பது ஒன்றுதான். அதை அம்மா இரவல் தர மாட்டார்.