ரத்தம் எங்கே போச்சு?

எங்க திருப்பனந்தாள் பெரியப்பா ஆறு மாசமா வெளுத்துக்கொண்டே வந்தார். பெரியம்மாவும் முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், இரும்பு டானிக் எல்லாம் கொடுத்துப் பார்த்தாள். ஹீமோகுளோபின் 8-ஐத் தாண்டுவேனா என்றது.

"சாய்ஞ்ச லிங்கத்தையே நாயனார் கயிறு கட்டி நிமிர்த்தின ஊருடா இது. என்னை நிமிர்த்தத்தான் ஆளில்லே!" என்பார்.

கும்பகோணம் டாக்டர் கிரியாட்டினின் டெஸ்ட் எழுதினார். குற்றவாளி, சிறுநீரகம்!

என் பி.காம். மூளைக்குப் புரிந்தது இது: எலும்பு மஜ்ஜைதான் ஃபாக்டரி. 'ரத்த அணு தயார் செய்' என்று ஆர்டர் அனுப்புவது சிறுநீரகம். ஆர்டரின் பெயர் எரித்ரோபாய்ட்டின். ஆர்டரே வராதபோது இரும்பை மட்டும் குடோனில் குவித்து என்ன லாபம்?

1977-ல் கோல்ட்வாசர் என்ற விஞ்ஞானி குழுவினர் 2,550 லிட்டர் சிறுநீரிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். (நல்லவேளை, நான் காமர்ஸ்!) 1989-ல் அமெரிக்காவில் ஊசி மருந்தாகவே வந்துவிட்டது.

இப்போது இரும்போடு அந்த ஊசியும் போட்டுக்கொண்டு, பெரியப்பா கோயில் பிராகாரம் சுற்றுகிறார். ஆனால் இருபது வருஷம் பி.பி.யை அலட்சியம் செய்ததில் போன சிறுநீரகம் போனதுதான்.

காரணம் தெரியாத சோகையா ஸார்? அடுத்த டானிக் பாட்டில் வாங்குமுன் கிரியாட்டினின் பார்த்துவிடுங்கள்.